11.2-இல் முட்டி நிற்கும் காப்பி: கோளாறு சர்வரிலா, கம்பியிலா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கல்யாண ஸ்டுடியோ. தரைத்தளத்தில் லினக்ஸ் போட்ட பழைய சர்வர், நான்கு ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் கோப்புகள் தங்கும்படி டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் முறை), சாம்பா ஷேர் (லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குத் திறந்துவிடும் மென்பொருள்). இரண்டாம் மாடியில் எடிட்டிங்குக்கு மூன்று விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். ஒரு முகூர்த்தத்துக்கு 120 ஜிபி வரை வீடியோவும் படமும் சேருகிறது. அதை மேலே இழுத்தால் விண்டோஸ் காட்டும் வேகம் நொடிக்கு 11.2 எம்பி. புது கிகாபிட் ஸ்விட்ச் வாங்கிப் போட்டும் அதே 11.2. சில நேரம் 5, சில நேரம் 4-க்குக் கூடக் கீழே. மும்பையில் வாடகைக்கு எடுத்திருக்கும் கிளவுட் சர்வருக்கு பேக்கப் அனுப்பினால் அதைவிட மோசம். 10 கிகாபிட் கார்டு போடலாமா, சர்வரின் இரண்டு போர்ட்டையும் ஒன்றாகச் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களே இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. கார்டு வாங்கினாலும் அந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

11.2 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். விண்டோஸ் காப்பி ஜன்னல் மெகாபைட்டில் காட்டும். 8-ஆல் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பை வகுத்தால் 12.5. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் வாலிலும் ஒட்டும் விவரங்கள் ஏறக்குறைய 6 சதவீதத்தைத் தின்றுவிடும், மிச்சம் 11.8. விண்டோஸ் 1000-க்குப் பதில் 1024 வைத்து எண்ணுவதால் அது திரையில் 11.2 ஆகத் தெரிகிறது. இதே கணக்கில் ஒழுங்காக ஓடும் கிகாபிட் இணைப்பு 112 காட்டும். அதாவது உங்கள் சர்வர் சோம்பேறித்தனம் எதுவும் பண்ணவில்லை. 100 மெகாபிட்டாகச் சுருங்கிப்போன ஒரு இணைப்பில் எவ்வளவு அனுப்ப முடியுமோ அவ்வளவையும் சொட்டு மிச்சமில்லாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் கோளாறோ சாம்பா கோளாறோ இருந்தால் எண் இவ்வளவு துல்லியமாக ஒரே இடத்தில் நிற்காது; ஏறி இறங்கும்.

அடுத்து அந்த 5-ம் 4-க்குக் கீழும். 11.2-ஐ இரண்டு பேர் பங்கு போட்டால் 5.6, மூன்று பேர் போட்டால் 3.7. வேகம் இறங்கும் நேரங்களில் மேலே இரண்டு அல்லது மூன்று பேரும் ஒரே சமயத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் தேடும் இடம் இன்னும் சுருங்கிவிடும். மூன்று கம்ப்யூட்டருக்கும் பொதுவான கம்பியில்தான் கோளாறு. பொதுவான கம்பி இரண்டுதான் இருக்க முடியும்: சர்வரிலிருந்து ஸ்விட்ச்சுக்குப் போகிற குட்டிக் கேபிள், இல்லாவிட்டால் தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறும் நீளக் கேபிள். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தும் ஆளுக்கு 11.2 வருகிறது என்றால் கதையே வேறு. அப்போது மேலே மூன்று கம்பிகளும் தனித்தனியே 100-இல் நிற்கின்றன, ஒரே ஆள் ஒரே பெட்டிக் கேபிளில் போட்ட வேலையாக இருக்கும்.

இதைக் கண்ணால் உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். சர்வரில் எத்டூல் என்ற கட்டளைக்குப் பின்னால் நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுங்கள். ஸ்பீட் என்ற வரியில் 1000 இருக்க வேண்டும். 100 இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். பக்கத்திலேயே டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்ப முடியுமா என்பது) என்று ஒரு வரி இருக்கும், அது ஃபுல் என்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் 1000/1000 என்றோ 100/100 என்றோ தெரியும். சர்வர் 1000, மேலே மூன்றும் 1000, ஆனாலும் காப்பி 11.2 என்றால் குற்றவாளி மாடிக்கு ஏறும் கேபிள், அல்லது நடுவில் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய பெட்டி. அந்தப் பெட்டி பெரும்பாலும் இணைய கம்பெனிக்காரர் கொடுத்த ரௌட்டர். சில மாடல்களில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. புது ஸ்விட்ச் வாங்கியும் ஏதாவது ஒரு கேபிள் இன்னும் அந்த ரௌட்டர் வழியாகச் சுற்றிப் போகிறதா என்று பாருங்கள். யுபிஎஸ்ஸின் முதுகில் இடி மின்னலுக்குப் பாதுகாப்பு என்று இருக்கும் நெட்வொர்க் போர்ட் வழியாகக் கேபிளை விட்டிருந்தால் அதையும் பிடுங்கிவிட்டு நேராகச் செருகுங்கள். அவற்றில் பலவும் 100 மெகாபிட்டுக்கு மட்டுமே செய்தவை.

கேபிள் போட்டவரைக் கூப்பிட்டால், "அண்ணே, லைட் எரியுதுல்ல, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. லைட் எரியும், பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னப் பாக்கெட்) போகும், இன்டர்நெட் ஓடும். காரணம் கேபிளுக்குள் இருக்கிறது. உள்ளே நான்கு ஜோடி, எட்டு கம்பி. 100 மெகாபிட் ஓட ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1999-இல் வந்த கிகாபிட் தரத்துக்கு நீலமும் பழுப்பும் சேர்த்து நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு இழை அறுந்திருந்தால் இரண்டு முனையும் கிகாபிட்டுக்கு முயன்று பார்த்துவிட்டு, முடியாமல், சத்தமே போடாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் திரைக்கு வராது.

கனெக்டரைக் கையில் எடுத்து, செல்போன் டார்ச்சை அடித்து, பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் என்பதால் உள்ளே தெரியும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இடமிருந்து இதுதான் வழக்கமான வரிசை. எட்டு கம்பியும் கனெக்டரின் நுனிச் சுவரைத் தொட வேண்டும். ஓரத்தில் இருக்கும் பழுப்பு ஒரு நூல் குட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அதன் மேல் அழுத்திய தங்க நிறப் பல் காற்றைத்தான் கடித்துக்கொண்டிருக்கும். நான் பார்த்த 11.2 கேஸ்களில் அதிகமும் இப்படிப்பட்டவைதான். இன்னொரு விஷயம், நம் பக்கம் இது சகஜம்: சிசிடிவி போட வந்தவர் தனிக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, மாடிக்குப் போகிற நெட்வொர்க் கேபிளிலிருந்து நீலத்தையும் பழுப்பையும் பிரித்து எடுத்துக் கேமராவுக்குக் கரண்ட் கொடுத்திருப்பார். கேமராவும் ஓடும், நெட்டும் ஓடும், 100-இல். படிக்கட்டுப் பக்கம் கேமரா இருந்தால் அந்தக் கேபிளின் இரு முனையையும் பிரித்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

முனை சரியாக இருந்தும் 1000 வரவில்லை என்றால் கேபிளின் தரத்தைச் சந்தேகப்படுங்கள். கேட் 6 என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்பதில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு நிறைய உலவுகிறது. கேட் 5இ, கேட் 6 தரங்கள் முழுச் செம்பைத்தான் ஒப்புக்கொள்கின்றன. ஒரு துண்டு வெட்டி, கம்பியை பிளேடால் சுரண்டினால் தெரிந்துவிடும். உள்ளே வெள்ளியாகப் பளபளத்தால் அலுமினியம். வளைத்த இடத்தில் சீக்கிரம் முறியும், மின்தடை அதிகம், இரண்டு மாடி ஏறும் நீளத்துக்கு நம்பக்கூடாது. முழுச் செம்பில் அதே பாதையில் ஒரு புதுக் கேபிள் இழுக்கிற செலவு, நீங்கள் யோசிக்கிற 10 கிகாபிட் கார்டின் செலவில் சின்னப் பங்குதான். இழுக்கும்போது மோட்டார் லைனோடும் ஏசி லைனோடும் சேர்த்துக் கட்ட விடாதீர்கள். ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டாக இழுத்துவிடுங்கள். எலி கடித்தால் மாற்று இருக்கும்.

சரி, இப்போது எல்லா இடத்திலும் 1000 என்று வந்துவிட்டது. உடனே கோப்பைக் காப்பி செய்து பார்க்காதீர்கள். கோப்புக் காப்பியில் டிஸ்க், ஃபைல் சிஸ்டம், சாம்பா, நெட்வொர்க், எதிர்முனை டிஸ்க் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கின்றன. எது இழுக்கிறது என்று தெரியாது. நெட்வொர்க்கை மட்டும் தனியாக அளக்க ஐபெர்ஃப்3 இருக்கிறது. சர்வரில் ஒரு ஜன்னலில் அதைக் காத்திருக்கச் சொல்லி, மேலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டுங்கள். நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு வெறும் டேட்டாவை அனுப்பும், டிஸ்க்கைத் தொடாது. 930, 940 மெகாபிட் வர வேண்டும். பிறகு திசையைத் திருப்பி ஒரு முறை; பெரிய எழுத்து ஆர் என்ற தெரிவைச் சேர்த்தால் போதும். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஒரு திசையில் 940, மறு திசையில் 200 என்று வந்தால் கேபிளோ கார்டோ இன்னும் சரியில்லை என்று அர்த்தம். முடிவில் ரெட்ர் என்று ஒரு பத்தி வரும், திரும்ப அனுப்ப வேண்டியிருந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அது. வீட்டுக்குள் ஓடும் கேபிளில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் ஏறினால் எத்டூலில் பெரிய எஸ் தெரிவு கொடுத்து சிஆர்சி (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கூடினால் கம்பிதான், சந்தேகமே வேண்டாம்.

டூப்ளெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. யாராவது வேகம் கூட்டுகிறேன் என்று ஒரு முனையில் மட்டும் 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருந்தால் மறுமுனை பேச்சுவார்த்தைக்கு ஆள் இல்லாமல் தன்னை ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். அதன்பின் சின்ன வேலை எல்லாம் ஓடும், பெரிய கோப்பு மட்டும் தவழும். இரண்டு முனையையும் ஆட்டோவில் விடுங்கள். கிகாபிட்டில் ஆட்டோதான் சரி.

ஐபெர்ஃப் 940 காட்டிய பிறகும் காப்பி 112-ஐத் தொடாமல் போகலாம். அதிர்ச்சி அடைய வேண்டாம். முன்பு கம்பி மறைத்து வைத்திருந்த டிஸ்க் இப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான். உங்கள் மாதிரி ஸ்டுடியோவில் எனக்கு உண்மையான கவலை இங்கேதான்.

ஒற்றை ஹார்ட் டிஸ்க்கே இன்று வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150-இலிருந்து 250 எம்பி வரை தரும். ஒரு ஆள் ஒரு பெரிய வீடியோவை இழுக்கும்போது கிகாபிட்டை நிரப்ப அது தாராளம். மூன்று பேர் மூன்று வேறு கோப்புகளை ஒரே நேரத்தில் இழுத்தால் படிக்கும் தலை அங்கும் இங்கும் தாவ ஆரம்பிக்கும். தாவுவதற்கே நேரம் போய்விடும். ஒரு டிஸ்க்கால் நொடிக்கு நூறு, நூற்றைம்பது தாவலுக்கு மேல் முடியாது. டைம்லைனில் நேரடியாகச் சர்வர் கோப்பை வைத்து எடிட் செய்தால் இன்னும் மோசம். டிஸ்க் எவ்வளவு வேலையாக இருக்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட்டை எக்ஸ் தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்குகள் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு நெட்வொர்க் பாதிதான் ஓடுகிறது என்றால் விஷயம் இதுதான். தீர்வு, இப்போது நடக்கும் வேலைக்கு மட்டும் சர்வரில் ஒரு எஸ்எஸ்டி. முடிந்த கல்யாணங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும்.

எழுதும் வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். அளக்கும்போது சோதனைக் கோப்பு சர்வரின் ரேமைவிடப் பெரிதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் லினக்ஸ் எல்லாவற்றையும் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு முடிந்தது என்று சொல்லிவிடும். நீங்கள் அளந்தது ரேமை. காப்பி 112-இல் கிளம்பி, சில ஜிபி போனதும் 30-க்கு விழுகிறதே, அதுவும் இதே கதைதான். முதலில் காட்டியது ரேம், பிறகு காட்டுவது நிஜம்.

அந்த நிஜம் ரொம்பக் கீழே இருந்தால் இரண்டு சந்தேகங்கள். ரெய்டு 5-ஐத் தனிக் கார்டு நடத்துகிறதா, லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் எம்டி (md) என்ற மென்பொருள் நடத்துகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கார்டு என்றால் அதில் ஒரு குட்டி பேட்டரி இருக்கும். அது உயிரோடு இருக்கும்வரை கார்டு எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, ஓய்வாக டிஸ்க்கில் இறக்கும். பேட்டரி செத்துவிட்டால் பாதுகாப்புக்காக அந்த வசதியைத் தானே நிறுத்திவிடும். படிக்கும் வேகம் அப்படியே இருக்க, எழுதும் வேகம் மட்டும் படுத்துவிடும். செகண்ட் ஹேண்ட் சர்வரில் இது கிட்டத்தட்ட எதிர்பார்க்க வேண்டிய விஷயம். பேட்டரி இல்லாமலே அந்த வசதியைக் கட்டாயமாக ஓட வைக்க ஒரு தெரிவு உண்டு, யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபி கரண்டை நிறுத்துகிற நாளில் யுபிஎஸ் கைவிட்டால், எழுதியதாக நினைத்த கோப்பு எங்குமே இருக்காது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை இரண்டாம் முறை எடுக்க முடியாது.

எம்டி என்றால் வேறொன்று. டெபியனும் உபுண்டுவும் வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் ரெய்டு முழுவதையும் சரிபார்க்கும் வேலையைத் தாமாகவே ஆரம்பிக்கும். டிஸ்க் பெரிதாக இருந்தால் அன்று முழுவதும், சில சமயம் திங்கள் வரை ஓடும். ஞாயிறு முகூர்த்தம் முடிந்து இரவு மெமரி கார்டைக் கொட்டுகிற அதே நேரம்! வேறு யாரும் இழுக்காத சமயத்திலும் வேகம் சரிந்தால், அது மாத முதல் வாரமா என்று பாருங்கள். ப்ராக் டைரக்டரியில் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் சோதனை ஓடுகிறதா, ஏதாவது டிஸ்க் விழுந்துவிட்டதா என்று தெரியும். சோதனையை நிறுத்தாதீர்கள், அது அவசியம்; முகூர்த்தம் இல்லாத ஒரு வார நாளின் இரவுக்கு மாற்றி வையுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை வேண்டாம். அதில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தில் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். கொஞ்ச நேரம் நன்றாக எழுதிவிட்டு அப்புறம் நொண்டும். ரெய்டில் ஒரு டிஸ்க்கை மாற்றிக் கட்டும்போது உயிரை வாங்கும். ரெய்டுக்கென்று விற்ற சில மாடல்களுக்குள்ளேயே இது இருந்தது 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. அதனால் பெட்டியின் மேல் எழுதியதை நம்பாமல், மாடல் எண்ணை வைத்து சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) தானா என்று தயாரிப்பாளர் பட்டியலில் பார்த்து வாங்குங்கள். அப்படியே டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி ஒவ்வொரு டிஸ்க்கின் சூட்டையும் பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் கதவை மூடி வைத்த சர்வர் மதுரைச் சித்திரை வெயிலில் என்ன பாடு படும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) என்ற எண் பூஜ்யமாக இல்லை என்றால் வேகத்தை மறந்துவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.

சாம்பாவில் பார்க்க வேண்டியது குறைவு. அமைப்புக் கோப்பில் சாக்கெட் ஆப்ஷன்ஸ் என்று ஒரு வரி இருந்து, அதில் எஸ்ஓ ஆர்சிவிபஃப், எஸ்ஓ எஸ்என்டிபஃப் என்று எண்கள் இருந்தால் வரியையே நீக்குங்கள். வேகம் கூட்டும் மந்திரம் என்று பல வருடங்களாகக் கைமாறி வருகிற வரி அது. லினக்ஸ் தானாகவே தேவைக்கேற்பப் பெரிதாக்கிக்கொள்ளும் இடைநினைவகத்தை அது ஒரு சின்ன அளவில் பூட்டி வைக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பின் ப்ரோ வகையில், ஒவ்வொரு சாம்பா உரையாடலுக்கும் கையெழுத்துச் சரிபார்ப்பு இயல்பாகவே கட்டாயம். பழைய சர்வரின் சிபியு அதில் திணறலாம். காப்பி ஓடும்போது டாப் கட்டளையில் ஒரு கோர் மட்டும் 100-ஐத் தொடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வீடியோ நன்றாக இறங்குகிறது, படங்கள் மட்டும் இழுக்கின்றன என்றால் அது வேகக் கோளாறே இல்லை. ஐயாயிரம் படம் என்றால் ஐயாயிரம் முறை திறந்து, அனுமதி பார்த்து, எழுதி, மூட வேண்டும். ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கும். விண்டோஸ் கூடவே வரும் ரோபோகாப்பியை /MT தெரிவோடு ஓட்டுங்கள்; எட்டு கோப்புகளை ஒரே நேரத்தில் இழுக்கும்.

இரண்டு போர்ட்டைச் சேர்ப்பது பற்றி. சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறார்கள். ஒரு காப்பி எப்போதும் ஒரே கம்பியில்தான் போகும். இரண்டு பேர் இழுக்கும்போது ஆளுக்கொரு கம்பி கிடைக்க வாய்ப்பு உண்டு, அதற்கும் ஸ்விட்ச் எல்ஏசிபி (போர்ட்டுகளைச் சேர்க்கும் நெறிமுறை) தெரிந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் வாங்கியது சாதா ஸ்விட்ச் என்றால் அது முடியாது. எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 9000 பைட் ஆக்கச் சொல்வார்கள். அதில் கிடைப்பது அதிகபட்சம் 5 சதவீதம், ஒரு கருவி ஒத்துவராமல் போனால் வரும் தலைவலி அதைவிடப் பெரிது. எல்லாம் சரியாகி, எஸ்எஸ்டியும் போட்டு, 112-ம் போதவில்லை என்ற நிலை வந்தால் 2.5 கிகாபிட்டுக்குப் போங்கள். அந்தத் தரம் 2016-இல் வந்ததே, இருக்கிற கேட் 5இ கம்பியில் 100 மீட்டர் வரை ஓடட்டும் என்றுதான். 10 கிகாபிட் செம்புக் கம்பியில் ஓட கேட் 6 என்றால் 55 மீட்டர் வரை, அதற்கு மேல் கேட் 6ஏ வேண்டும். உங்கள் டிஸ்க்குகளால் அதை நிரப்பவும் முடியாது. 120 ஜிபிக்கு 11.2-இல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. 112 வந்தாலே அது இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் எடிட்டர்கள் அதற்கே சந்தோஷப்படுவார்கள்.

இனி மும்பை. மேலே சொன்ன எதுவும் அதைச் சரிசெய்யாது, அங்கே விதிகள் வேறு. மதுரைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக ஒரு போய்வரலுக்கு 11.5 மில்லி செகண்டுக்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் 30, 40 வரும். கோப்பைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் நெறிமுறையான டிசிபி குறிப்பிட்ட அளவு டேட்டாவை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். அந்த அளவு 64 கேபி, போய்வர 40 மில்லி செகண்டு என்றால் நொடிக்கு 1.6 எம்பிதான் போகும். உங்கள் லைன் 100 மெகாபிட்டா 1000-ஆ என்பது இங்கே பேச்சே இல்லை. 100 மெகாபிட்டை நிரப்ப 500 கேபி வழியில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். லினக்ஸ் தானாகவே அதைத் தாண்டி 4, 6 எம்பி வரை போகும், யாரும் கைவைத்துப் பூட்டாதவரை. பூட்டியிருந்தால் வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது, மும்பைக்குப் போகும்போதுதான் தெரியும்.

பாக்கெட் தொலைவதும் அப்படித்தான். பாக்கெட் இழப்பை வைத்து டிசிபி வேகத்தைக் கணிக்கும், 1997-இல் வந்த மாதிஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 100-க்கு ஒன்று தொலையும் லைனில் 40 மில்லி செகண்டு தூரத்துக்கு ஒரு இணைப்பு நொடிக்கு 0.45 எம்பி அளவில்தான் ஓடும். ஸ்பீட் டெஸ்ட் இதைக் காட்டாது. அது பக்கத்துச் சர்வருக்குப் பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து அளக்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரையும் வரிசையாகக் காட்டும் எம்டிஆர் கட்டளையை மும்பை சர்வருக்கு ஓட்டி, கடைசி வரியில் இழப்பு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நடுவில் ஒரு ரௌட்டர் 40 சதவீதம் என்று பயமுறுத்தும். கடைசி வரி பூஜ்யமாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம், அந்த ரௌட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்திருக்கிறது, அவ்வளவே. கடைசி வரியிலும் இழப்பு இருந்தால் அந்தப் படத்தோடு இணைய கம்பெனிக்காரரிடம் புகார் கொடுங்கள். அதுவரை அனுப்பும் சர்வரில் பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறையைப் போட்டுப் பார்க்கலாம். லினக்ஸ் 4.9-இலிருந்து இருக்கிறது, ஒன்றிரண்டு பாக்கெட் தொலைந்ததற்காக வேகத்தைப் பாதியாக்காது. கிளவுடுக்குக் கோப்பு அனுப்பும் ஆர்க்ளோன் மூலம் நான்கைந்து கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பினாலும் நல்ல பலன் தெரியும்.

உள்நுழைவது வேலை செய்கிறது, சின்னக் கோப்பு போகிறது, பெரியது மட்டும் தொடங்கியதும் உறைந்துவிடுகிறது என்றால் அது எம்டியு. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் ஃபைபர் லைன்களில் பாக்கெட் அளவு 1500-க்குப் பதில் 1492. உடைக்காதே என்ற தெரிவோடு 1464 பைட் பிங் போய், 1465 போகவில்லை என்றால் உறுதி. ரௌட்டரில், பாக்கெட்டை அந்த அளவுக்குள் அடக்கும் எம்எஸ்எஸ் க்ளாம்பிங்கை இயக்குங்கள். கடைசியாக, உங்கள் பிளானில் அப்லோட் வேகம் எவ்வளவு, மாத உச்சவரம்பு தாண்டினால் எவ்வளவுக்கு இறக்குகிறார்கள் என்று பில்லில் பாருங்கள். கல்யாணத்துக்கு 120 ஜிபி என்றால் முகூர்த்த மாதத்தில் அந்த வரம்பைத் தொடுவது கஷ்டமே இல்லை. முழு 100 மெகாபிட் அப்லோட் இருந்தாலும் 120 ஜிபிக்கு மூன்று மணி நேரம் ஆகும். இரவில் ஓட விடுங்கள்.

கேபிளை மாற்றிய பிறகும் சரியாகவில்லை என்றால் எழுதுங்கள். எழுதும்போது எத்டூல் காட்டும் வேகம், ஐபெர்ஃப் இரண்டு திசையிலும் தந்த எண், டிஸ்க்கில் நேரடியாக எழுதிய வேகம், மும்பைக்கான எம்டிஆரின் கடைசி வரி, இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ரெய்டு கார்டா எம்டியா என்பதையும்.